நெற்றிக்குக் கீழே ஒரு நட்சத்திரம்

ராத்தாவிடம் பூக்கோவா ஒன்றைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னால் அன்றைக்குப் பகல் சாப்பாடு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். கைப்பக்குவம் இல்லாதவர் அல்ல. அவர் ஆக்கும் சுறாப்புட்டுக்காக வெட்கம் கெட்டுப்போய் நானே பலமுறை அந்த வாசலில் நின்றிருக்கிறேன். ஆனால் பூக்கோவாவை உடைக்கத் தொடங்கினால் உடைத்துக்கொண்டே போவார். பெரிய பூவிலிருந்து ஒரு சின்னப் பூ, அதிலிருந்து இன்னும் சின்னது, அதிலிருந்து நகக்கண் அளவில் ஒன்று. அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"இஞ்ச பாரு தம்பி. இந்தப் பொட்டும் முழுப் பூக்கோவா மாதிரியே இரிக்கி."

"அதுக்குள்ள சொர்க்கமா தெரியுது?" என்று குசினியிலிருந்து பெரியம்மா கேட்பார். "எண்ணெய் பத்துது கா."

பெரியம்மா என் உம்மாவின் மூத்த சகோதரி. அவருடைய ஒரே மகள்தான் ராத்தா. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர வேண்டும். ராத்தாவின் மாப்பிள்ளையும் அப்படித்தான் வந்தார். வந்த வேகத்தில் கத்தாருக்குப் போய்விட்டார். நான் கல்யாணம் முடித்துப் பக்கத்துத் தெருவுக்குப் போனேன். கல்முனை பெரிய தெருவில் எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. ஊரில் யாருக்கு எது தெரியவில்லை என்பது என் பிழைப்பு. ராத்தாவுக்கோ எல்லாமே தேவைக்கு மேல் தெரிந்தது; அதனால் அவரால் எனக்கு ஒரு சதத்துக்கும் வியாபாரம் இல்லை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

மச்சான் கத்தாரிலிருந்து ஒரு கொம்பியூட்டர் அனுப்பினார். முகம் பார்த்துக் கதைக்கலாம் என்று அந்த மனிதன் ஆசைப்பட்டு அனுப்பியது. ராத்தா அதில் படம் செய்யத் தொடங்கினார். தூரிகையும் இல்லை, சாயமும் இல்லை. எல்லாம் கணக்கு. பள்ளிக்கூடத்தில் கணிதப் பிரிவில் படித்தவர். பல்கலைக்கழகம் மயிரிழையில் தவறிப்போனது. அந்தக் கணிதமெல்லாம் இத்தனை வருஷம் வெங்காயம் உரித்துக்கொண்டு உள்ளே சும்மா இருந்திருக்கிறது.

"சின்னக் கணக்கு ஒண்டு," என்று எனக்கு விளங்கப்படுத்துவார். "விடைய எடுத்துத் திரும்பவும் அதே கணக்குக்குள்ள போடுற. வாற விடைய எடுத்து மறுகாவும் போடுற. போடப் போட வடிவம் வரும். பெரிசுக்குள்ள சிறிசு, சிறிசுக்குள்ள அதவிடச் சிறிசு. எந்தத் துண்ட வெட்டி எடுத்தாலும் முழுசப்போலயே இரிக்கும். பிரெக்டல் எண்டு சொல்ற."

அந்தச் சொல் எங்கள் குடும்பத்தில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. 'ராத்தாட பூ' என்றே எல்லாரும் சொன்னோம். ஒரு பூ விரிய கொம்பியூட்டருக்கு ஒரு முழுப் பகல் தேவைப்படும். "தொடாத, சமைக்குது," என்பார் ராத்தா. சூடு ஏறக் கூடாது என்று கூடத்தில் இருந்த ஒரே மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்திருப்பார். பெரியம்மா பழைய பத்திரிகையால் விசிறிக்கொண்டு, "பெத்தவளுக்குக் காத்தில்ல, பெட்டிக்குக் காத்து," என்று வருகிறவர்களிடமெல்லாம் முறைப்பட்டார். கொம்பியூட்டர் சமைத்துக்கொண்டிருந்தபடியால் மச்சானுக்கும் முகம் கிடைப்பதில்லை. அவர் என் கடைக்கு அழைத்து, "தம்பி, ஒன்ட ராத்தா சுகமா இரிக்காவா? கண்டா சொல்லு," என்பார். கட்டிய மனைவியைப் பற்றி இப்படி அடுத்தவரிடம் விசாரித்த மனிதர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்.

படங்கள் அழகாகத்தான் இருக்கும். அதை நான் மறுக்க மாட்டேன். ஒரு நீலப் படம் மாரி காலத்தில் ஆற்றுமுகம் கடலோடு கலக்கும் இடம் போல இருந்தது. "கிட்டப் போவம்," என்று ராத்தா அதில் ஒரு மூலையைப் பெரிதாக்குவார். அங்கே அதே ஆற்றுமுகம். அதில் ஒரு மூலை, மறுபடியும் அதே ஆற்றுமுகம்.

"எப்ப முடியும் ராத்தா? நான் கடை திறக்கணும்."

"முடியாது. அதுதான்டா விசயமே."

இந்தக் குணம் கொம்பியூட்டரோடு நின்றிருந்தால் ஊருக்கு நல்லது. அவருக்கு மனிதர்களும் அப்படித்தான். ஒருமுறை சின்னம்மா முறையான எங்கள் இரண்டு சாச்சிமார் மதில் தகராறு ஒன்றைக் கொண்டுவந்து ராத்தாவிடம் நியாயம் கேட்டார்கள். யார் யாருடைய பக்கம் ஒரு சாண் தள்ளிக் கட்டினார்கள் என்பது பிரச்சினை. ராத்தா இருவரையும் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, மிகுந்த ஆர்வத்தோடு கேட்டார். பிறகு முகம் மலரச் சொன்னார்: "ஊர ரெண்டாப் பிரிக்கணும் எண்டு கூட்டம் போடுறாங்களே, அதுவும் இதே கதைதான். அதுக்குள்ள தெருவுக்குத் தெரு சண்டை, அதுவும் இதே. அதுக்குள்ள ஒங்கட மதில். நேத்து ஒங்கட பேரப்புள்ளைகள் ரெண்டும் ஐஸ்பழத்துக்குப் பிடிச்ச சண்டையும் இதேதான், ஒரு சொல்லும் மாறல்ல. என்ன வடிவா இரிக்கி பாருங்க."

சாச்சிமார் தேத்தண்ணியை முடிக்காமலே எழும்பிப் போனார்கள். போகும்போது இருவரும் ஒன்றாகப் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ராத்தாவிடம் போனால் சண்டை தீராது, சண்டையின் அழகைக் காட்டி அனுப்பிவிடுவார் என்று பிறகு யாரும் நியாயம் கேட்டுப் போகவில்லை.

இனிப் பள்ளிக் கம்பளத்தின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளிவாசலின் உள்மண்டபத்தில் கிடந்த கம்பளம் நெற்றியும் முழங்காலும் பட்டுப் பட்டு வழுக்கை விழுந்துவிட்டது. கொழும்பில் கடை வைத்திருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் புதிதாய்ச் செய்து தருவதாகப் பொறுப்பேற்றார். சீனாவில் ஒரு தொழிற்சாலையில் நெய்து வரும். கோலத்தை மட்டும் நிர்வாகம் முடிவு செய்து அனுப்பினால் போதும். அந்த 'மட்டும்' என்ற சொல்லை அவர் அறியாமல் சொல்லிவிட்டார். எங்கள் நிர்வாகத்தில் குடிக்கு ஒரு மரைக்கார். குடி என்பது தாய்வழியாக வருவது. எங்கள் பள்ளிக்கு ஏழு குடிகள். ஏழு மரைக்கார்மாரும் ஒரு பிறையில் நோன்பு பிடிப்பதே பெரிய காரியம். ஒருவர் பூப் போடலாம் என்றார். கலியாண மண்டபம் போலிருக்கும் என்றார் அடுத்தவர். பள்ளிக் குவிமாடமான குப்பாவின் படம் போடலாம் என்று ஒருவர் சொல்ல, குப்பாவையா மிதிக்கப் போறீங்க என்று நாலு பேர் எழும்பினார்கள். வெறும் பச்சை என்றால் ஊத்தை தெரியுமாம்.

நிர்வாகத் தலைவர் எங்கள் மாமா, உம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே சகோதரர். அவர் பெரியம்மாவின் கூடத்தில் வந்து விழுந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து ராத்தா சொன்னார்: "மாமா, நான் ஒண்டு கீறித் தாறன். உருவமும் இல்ல, உயிரும் இல்ல. ஒருத்தராலயும் குத்தம் சொல்ல ஏலா."

கோலத்தைக் கீறிக் கொடுத்தார். ஒரு எட்டுமுனை நட்சத்திரம். ஒவ்வொரு முனையிலும் ஒரு சின்ன எட்டுமுனை நட்சத்திரம். அவற்றின் முனைகளில் அதைவிடச் சின்னவை. இளம் பச்சையில் வெள்ளை. மாமா அந்தத் தாளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் நிலத்தில் விரித்தார். மரைக்கார்மார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி நின்று பார்த்தார்கள். எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று. ஆனால் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் குடிக்கு மரியாதை இல்லையே.

"குடி ஏழுதானே தலைவர்," என்றார் ஒரு மரைக்கார். "இதில முனை எட்டு இரிக்கி. எட்டாவது ஆருக்கு? கீறினது ஒங்கட குடிப் புள்ளயாம்."

"எட்டாவது வெளியூரில இருந்து வாற முசாபர்களுக்கு," என்றார் மாமா, மூச்சு விடாமல். நாற்பது வருஷம் பொது வேலை செய்த மனிதர். தீர்மானம் நிறைவேறியது.

அங்கேதான் பிழை நடந்தது. எல்லாரும் நின்று பார்த்தார்கள். கடைத் தரையையும் வீட்டுத் தரையையும் நின்று பார்த்தால் போதும். பள்ளித் தரையை மனிதன் மூக்கு உரச, நெற்றி பதித்து அல்லவா பார்க்கிறான். ஏழு மரைக்கார்மாரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ராத்தாவுக்குத் தோன்றியது. தோன்றியது என்ன, அவர் கீறியதே அதற்காகத்தான். தாள் தாளாக அச்செடுத்து, அறைக் கதவைச் சாத்தி, நிலத்தில் வைத்து நெற்றி பதித்துப் பார்த்திருக்கிறார். மகளுக்குத் திடீரென்று தக்வா, இறையச்சம், கூடிவிட்டது என்று பெரியம்மா தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

"சுஜூதில, நெத்திய நிலத்தில வெச்ச நேரம், மனுசன் என்னத்தப் பாக்கிறான் தம்பி? வெறும் நிலத்த," என்று ராத்தா எனக்குச் சொன்னார். "அவடத்தில, மூக்குக்குக் கிட்ட, இதுக்கு முடிவில்ல எண்டு ஒண்டு தெரியணும். அல்லாஹ்ட படைப்ப அப்பிடித்தானே நாம பாக்கிற, கிட்டப் போகப் போக இன்னும் இரிக்கி. நான் ஒன்பது மட்டம் உள்ளுக்குப் போட்டிரிக்கன். அதுக்கு மேல போட்டா பெட்டி வெடிச்சிரும்."

இதை அவர் விளையாட்டாய்ச் சொல்லவில்லை.

கம்பளம் வந்தது. விரித்தார்கள். அன்றைக்கு மத்தியானம் ராத்தா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீ போய்ப் பாத்து வந்து சொல்லு. எத்தின மட்டம் தெரியுது எண்டு எண்ணு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் பெண்கள் பள்ளியின் உள்மண்டபத்துக்குப் போகும் வழக்கம் இல்லை. மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலையை ஊர் ஆம்பிளைகள் எல்லாரும் பார்ப்பார்கள், செய்தவர் பார்க்க மாட்டார். நான் போனில் படம் எடுத்து வருகிறேன் என்றேன்.

"படம் என்னத்துக்கு? படம் என்னட்டத்தானே இரிக்கி. காபட்தான் இல்ல. நெத்திய வெச்சிப் பாக்கணும்டா."

அஸர் தொழுகைக்குப் போனேன்; பிற்பகல் தொழுகை, நாலு ரக்அத், அதாவது நாலு சுற்று. முதலாவது ரக்அத்தில் சுஜூதுக்குக் குனிந்தேன். நெற்றிக்குக் கீழே ஒரு நட்சத்திரம். அதன் முனையில் ஒன்று, அதன் முனையில் இன்னொன்று. நின்றபோது மூன்றோ என்னவோ தெரிந்தது. இங்கே அது உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான் நாலு வரை வந்துவிட்டேன். அதற்குள் இமாம் எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை. வயதானவர்களின் முழங்கால்கள் முறிகிற சத்தம் கேட்டது. யாரும் அசையவில்லை. இன்றைக்கு ஏதோ உருக்கமான துஆப் பிரார்த்தனை என்று நினைத்தேன். கடைசியாக எழும்பச் சொல்லும் தக்பீர் கேட்டது, தூக்கத்தில் கதைப்பவர் குரல்போல.

அதற்குப் பிறகு எத்தனையாவது ரக்அத் என்று எனக்கு நிச்சயமில்லை. இமாமுக்கும் இல்லை. தொழுகையை முடித்து உட்கார வேண்டிய இடத்தில் அவர் எழும்பி நின்றார். இமாம் பிசகினால் பின்னால் நிற்பவர்கள் 'ஸுப்ஹானல்லாஹ்' என்று சொல்லி நினைவூட்ட வேண்டும். வலப்பக்கம் இருந்து ஒருவர் சொன்னார். இடப்பக்கம் இருந்தவர், சரியாகத்தான் போகிறது என்ற நினைப்பில், அவரை மறுத்து அதையே இன்னொரு தடவை சொன்னார். நடுவில் நின்றவர்களுக்கு யார் சரி என்று தெரியாததால் சிலர் உட்கார்ந்தார்கள், சிலர் நின்றார்கள். எங்கள் பள்ளியில் அப்படி ஒரு வரிசையை நான் கண்டதில்லை. முடிவில் இமாமாக நின்ற மௌலவி மறதிக்கான இரண்டு சுஜூதுகளைச் செய்து சரிக்கட்டினார். அந்த இரண்டுக்கும் குனிந்த இடத்திலும் அதே நட்சத்திரம்தான் கிடந்தது. அவையும் நீண்டன.

ராத்தாவிடம் போய் நாலு என்றேன்.

"நாலா? ஒன்ட கண்ணப் பாரு முதல்ல. கண்ணாடிக் கடைக்காரனாம்."

ஒரு கிழமையில் பள்ளியின் நடைமுறையே மாறிவிட்டது. முன்வரிசைக்கு முந்துகிறவர்கள் இப்போது நட்சத்திரத்தின் நடு விழுந்த இடத்துக்கு முந்தினார்கள். பெரியவர்கள் கடைக்கு வரத் தொடங்கினார்கள். "தம்பி, சுஜூதுக்கு ஒரு கண்ணாடி வேணும். குனிஞ்சா விழாம இரிக்கணும்," என்று கேட்டவர்களுக்கு நான் பின்பக்கம் நாடா கட்டிக் கொடுத்தேன். முதன்முதலில் ராத்தாவால் எனக்கு வியாபாரம் நடந்தது. கடையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் கணக்குச் சொன்னார்கள். நான் ஆறு கண்டன், நீ என்ன. எனக்கு ஏழு. எல்லாரையும்விட மேலே போனவர் அரிசி ஆலை ஹாஜியார். எண்பதைத் தாண்டியவர், ஒரு கண்ணில் புரை வெட்டியது, மற்றக் கண்ணில் வெட்ட வேண்டியது.

"பதினொண்டு," என்றார் அமைதியாக. "ரெண்டாம் வரிசை, தூணுக்கு வலப்பக்கம். பதினோராவது ஊசிமுனை மாதிரி மினுங்குது."

இதைச் சொன்னபோது ராத்தா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "நான் ஒன்பதோட நிப்பாட்டின," என்றார் பிறகு. "பதினொண்டு எங்கால வந்த?"

கடைசியில் மௌலவிதான் நிர்வாகத்தைக் கூட்டச் சொன்னார். சின்ன வயது, நேர்மையான மனிதர். "குத்தம் காபட்டில இல்ல, என்ட கண்ணில. ஆனா என்னால ஏலா. தொழுகையில கவனம் கலைக்கிற கோலம் கூடாது எண்டு மார்க்கத்திலயும் இரிக்கி. நான் நாலு ரக்அத்தையும் நட்சத்திரத்துக்கு உள்ளுக்க நிண்டு தொழுறன்," என்றார். ஏழு மரைக்கார்மாரும் முதல் தடவையாக ஒரே முடிவுக்கு வந்தார்கள். சுருட்டிவிட்டு வெறும் பச்சை போடுவது.

மாமா அதைச் சொல்ல வந்தபோது நானும் இருந்தேன். ராத்தா கோபப்படுவார் என்று பயந்தோம். அவர் ஒன்று மட்டும் கேட்டார்.

"சுருட்ட முந்தி நான் ஒருக்காப் பாக்கட்டா மாமா? மத்தியான லுஹருக்கும் அஸருக்கும் இடையில, ஆருமில்லாத நேரம். ஒரேயொரு சுஜூது."

மாமா தொப்பியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு மறுப்பில்ல மகள். ஆனா தலைவர்ட மருமகளுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா எண்டு ஆறு பேர் எழும்புவாங்க. ஒன்ன விட்டா மத்தக் குடிப் பொம்புளைகளையும் விடணும்."

"விடுங்களன்," என்றார் பெரியம்மா.

மாமா கழற்றிய தொப்பியைத் திரும்பவும் போட்டுக்கொண்டார். ராத்தா எழுந்து போய்க் கொம்பியூட்டரை நிறுத்தினார். விசிறியை எடுத்துத் தன் உம்மாவின் பக்கம் திருப்பி வைத்தார். அதைப் பார்த்துப் பெரியம்மா அழத் தொடங்கிவிட்டார். "எனக்குக் காத்து வேணாம் கா, நீ சமை," என்று சொல்லிச் சொல்லி அழுதார். எனக்கும் தாங்கவில்லை. இவ்வளவு பெரிய ஊரில் ஒரு சுஜூதுக்கு இடமில்லையா என்று எரிச்சலாக வந்தது. மாமாவோ பாவம், குடையை மறந்துவிட்டுப் போனார்.

சுருட்டிய கம்பளத்தை என்ன செய்வது என்பது அடுத்த பிரச்சினையாயிற்று. தொழுத பொருளை எறியக் கூடாது. விற்கவும் மனம் வராது. தூங்கும் அறைக்குள் விரிக்க யார் துணிவார்கள்? பள்ளியின் பின்னறையில் அது பெரிய சுறாவைப் போலக் கிடந்து வழியை மறித்தது. எலி வந்தது. அப்போது மாமாவுக்கு ஒரு யோசனை பிறந்தது. பெண்பிள்ளைகளின் குர்ஆன் மதரசா மண்டபத்தில் நோன்பு காலத்தில் பெண்கள் கூடித் தொழுவார்கள். வெறும் சீமெந்துத் தரை. வருஷாவருஷம் கம்பளம் கேட்பார்கள், வருஷாவருஷம் 'பாப்பம்' என்று பதில் போகும். அவர்களுக்கே கொடுத்துவிட்டால் என்ன?

"அவங்களுக்கும் கணக்குப் பிசகுமே," என்றார் ஒரு மரைக்கார்.

"அவங்கட கணக்கு அவங்கட பாடு," என்றார் மாமா.

இடையில் ஒரு சிக்கல். மதரசா மண்டபம் ஒடுக்கம்; கம்பளத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் போட வேண்டும். இதை மருமகளிடம் எப்படிச் சொல்வது என்று மாமா இரண்டு நாள் தூங்கவில்லையாம். ஆறுதல் வார்த்தைகளையெல்லாம் தேடி வைத்துக்கொண்டு வந்தார்.

ராத்தா சிரித்துவிட்டார். "வெட்டுங்க மாமா. எங்க வெட்டினாலும் துண்டுக்குள்ள முழுசு இரிக்கும். அதுக்குத்தானே அப்பிடிக் கீறின." இவ்வளவு நாளும் அந்தப் பூவை விளங்காதிருந்த மாமாவுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. தேடி வைத்த ஆறுதல் வீணாய்ப் போனதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கலும் இருந்தது.

தலைநோன்புக்கு, முதல் நோன்புக்கு, முந்திய நாள் அஸர் தொழுகையோடு பெண்கள் அந்தக் கம்பளத்தைத் தொடக்கிவைத்தார்கள். மதரசாவின் ஆசிரியையான மௌலவியா முன்னின்று தொழுவித்தார். நடந்ததை என் மனைவி வந்து சொன்னார். நான் ஆவலோடு முதலில் கேட்டது, எத்தனை ரக்அத் தொழுதீர்கள் என்று.

"நாலு. அஸருக்கு நாலுதானே?"

"ஒருத்தருக்கும் பிசகல்லயா?"

"என்னத்துக்குப் பிசகும்? முதுகில ஒரு புள்ள ஏறும், முந்தானைய ஒரு புள்ள இழுக்கும், அடுப்பில சோறு, வாசல்ல மீன்காரன்ட சத்தம். அதுக்குள்ளதான் நாங்க எந்நாளும் எண்ணித் தொழுற. ஒங்கட நட்சத்திரம் எங்களுக்கு ஒரு கணக்கா? ஒங்களுக்குத் தொழுகையில வேற வேலயில்ல, அதான் பிசகுது."

அந்தப் பதிலைப் பள்ளி நிர்வாகத்துக்கு நான் இன்றுவரை எடுத்துச் சொல்லவில்லை.

ஆனால் ஒருவர் மட்டும் பிசகியிருக்கிறார். ராத்தா முதல் சுஜூதில் குனிந்தவர் எழும்பவேயில்லை. மற்றவர்கள் எழும்பி, குனிந்து, முடித்து, ஸலாம் கொடுத்துத் திரும்பினால் அவர் அப்படியே கிடக்கிறார். உயிர் போய் மௌத்தாகிவிட்டாரோ என்று பெண்கள் கூச்சலிட, பெரியம்மா ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். ராத்தா தலையைத் தூக்கினாராம். நெற்றியில் கம்பள நூலின் தடம். கண் நிறைந்து வழிந்திருக்கிறது.

"அஞ்சோட நிண்டுட்டு உம்மா," என்றாராம்.

அன்று மாலை அவர் சொல்லித்தான் எனக்கு முழுதும் விளங்கியது. ஒன்பது மட்டம் போட்டு அனுப்பியதில் தொழிற்சாலை ஐந்து மட்டம்தான் நெய்திருக்கிறது. அதற்குமேல் நூலுக்கு ஏலாது. ஐந்தாவது நட்சத்திரமே குன்றிமணி அளவுதான். அதன் முனையில் வெறும் பஞ்சு. நான் சங்கடப்பட்டேன். இவ்வளவு பாடுபட்டு, இவ்வளவு காத்திருந்து, கடைசியில் கண்டது பாதி வேலை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சீனாக்காரனைத் திட்டினேன்.

"நீ என்ன தம்பி கதைக்கிறாய்?" என்றார் ராத்தா. அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். அது கவலைப்பட்ட முகம் அல்ல. "அஞ்சுதான் அதில இரிக்கி. ஆனா ஆறு கண்டவங்க இரிக்காங்க, ஏழு கண்டவங்க இரிக்காங்க. ஹாஜியார் பதினொண்டு கண்டிரிக்கார். நான் போடாததயும் அவங்க கண்டிரிக்காங்கடா."

இதைச் சொல்லிவிட்டு மறுபடியும் அழுதார். சந்தோஷத்தில் அழுகிற ராத்தாவை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. சில வருஷங்களில் அவரும் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு கத்தாருக்குப் போய்விட்டார்; மச்சானுக்கு இப்போது முகம் தாராளமாகக் கிடைக்கிறது. எனக்கு ராத்தா என்றால் அந்த முகம்தான்.

பெண்கள் தொழுததற்கு மறுநாள் நாடா அறுந்த கண்ணாடியோடு ஹாஜியார் கடைக்கு வந்தார். உண்மையைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. கம்பளத்தில் ஐந்துதான் உண்டு, கீறியவரே நெற்றி வைத்துப் பார்த்துச் சொல்லிவிட்டார் என்றேன். ஹாஜியார் என்னைக் கொஞ்சநேரம் இரக்கத்தோடு பார்த்தார்.

"அந்தப் புள்ளைக்கு ஒரு நல்ல கண்ணாடி செஞ்சி குடு தம்பி," என்றார். "கணக்குப் படிச்ச கண். பாவம், களைச்சிப் போயிரிக்கும்."

சிரித்துக்கொண்டு போய் ராத்தாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அவர் எவடத்தில தொழுத? ரெண்டாம் வரிசை, தூணுக்கு வலப்பக்கம், என்ன? அந்தத் துண்டு எங்க கிடக்குதோ தெரியா," என்று எழும்பினார்.

அடுத்த நாள் லுஹருக்குப் பிறகு பெரியம்மா கடைக்கு ஆள் அனுப்பினார். மகள் மதரசாவுக்குப் போனவள் திரும்பவில்லை, போய்க் கூட்டிவா என்று. போனேன். வகுப்பு இல்லாத நேரம், மண்டபம் வெறிச்சென்று கிடந்தது. ராத்தா ஒவ்வொரு துண்டாகப் பார்த்து முடித்து, யன்னலோரத்துத் துண்டில் நெற்றியை வைத்துக் கிடந்தார். நான் வாசலில் நின்று, உம்மா தேடுகிறா என்றேன்.

"ராத்தா, என்ன செய்றீங்க?"

"பொறு தம்பி, கதைக்காத," என்றார் தலையைத் தூக்காமல். "ஆறாவது வருது."